வேர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூடாதா?

சென்ற சித்திரையில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். மாலை நான்கு மணி வெயில். குதிரையின் கழுத்திலும் விலாவிலும் சோப்பு நுரை போல வேர்வை. கடைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "வேண்டாங்க, வேர்த்திருக்கும்போது தண்ணி காட்டினா வயித்துவலி வந்துடும்" என்று குதிரைக்காரர் தடுத்துவிட்டார்.

அவர் கெட்டவரல்ல. ஜட்கா காலத்திலிருந்து பெரியவர்கள் சொல்லி வந்ததையே அவரும் சொன்னார். ஆனால் அது தவறு. தண்ணீர் கிடைக்காமல் குடல் வறண்டு கட்டிக்கொள்வதுதான் குதிரைக்கு வயிற்றுவலியைக் கொண்டுவரும்.

குதிரையும் நம்மைப் போலவே உடம்பெல்லாம் வேர்க்கும் பிராணி. வெயிலில் நெடுநேரம் கடுமையாக உழைத்தால் மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வேர்வை போகும். நம் வேர்வையில் இரத்தத்தைவிட உப்பு குறைவு. ஆகவே வேர்க்க வேர்க்க இரத்தத்தில் உப்பு ஏறி, தாகம் எடுக்கிறது. குதிரையின் வேர்வையிலோ உப்பு அதிகம். தண்ணீரோடு உப்பும் போய்விடுவதால், உடம்பு வறண்ட பிறகும் அதற்குத் தாகம் சரியாகத் தெரிவதில்லை. குடிக்காமல் முகத்தைத் திருப்பினால், அதற்குத் தண்ணீர் தேவையில்லை என்று அர்த்தமல்ல.

தங்கவயல்காரர்களுக்கு இது புதிதல்ல. 2001-ல் மூடப்பட்ட நம் சுரங்கத்தில், சாம்பியன் ரீப் 3,000 மீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். வேர்வையோடு உப்பும் போகும் என்பதைக் குழியில் இறங்கியவர்கள் உடம்பால் அறிந்தவர்கள். 1920-களில் இங்கிலாந்துச் சுரங்கங்களில் வெறும் தண்ணீரைக் குடித்த தொழிலாளர்கள் தசைப்பிடிப்பால் துடித்தார்கள். தண்ணீரில் சிறிது உப்பு சேர்த்ததும் அது நீங்கியது.

குதிரைக்கும் அதே வைத்தியம்தான். 10 லிட்டர் வாளியில் 90 கிராம் உப்பைக் கரைத்து முதலில் காட்டலாம். பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் இருக்கவேண்டும். தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றாலும், வெயிலில் வேர்வை திடீரென நின்றாலும் ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, ஒரு நாளில் 9 மணிக்கு மேலும், இடைவெளியின்றி 5 மணிக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. மாப்பிள்ளையைச் சுமக்கும் குதிரைக்கும் அதே நியாயம்தானே?

மனிதர்களே குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் குதிரைக்கா தண்ணீர் என்று சிலர் கேட்கலாம். வரிசையில் நிற்கும் நமக்குக் கேட்க வாய் இருக்கிறது. அதற்கு இல்லை.

மார்க்கெட் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்ட நகரசபையார் முன்வர வேண்டும். கல்யாண வீட்டார் வாடகை பேசும்போதே, ஊர்வலத்தின் நடுவில் நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். அதனால் முகூர்த்தம் ஒன்றும் தவறிவிடாது.