விரிதாளின் வெற்றுக் கட்டங்கள்

சங்கப் பாடல்களின் புலவர், திணை, துறை, அடியளவு ஆகியவற்றை விரிதாளில் அட்டவணைப்படுத்தி ஆராயும் முறை இன்று பெருகிவருகிறது. அவ்வட்டவணைகளின் வெற்றுக் கட்டங்களை, மேற்கட்டத்தின் மதிப்பைக் கொண்டு ஒரே கட்டளையால் நிரப்பிவிடுவது ஏற்கத்தக்கதன்று. வெறுமைகள் அனைத்தும் ஒருதன்மையன அல்ல.

புறநானூற்றின் பழங்குறிப்புகள் பலவற்றில் பெயருக்கு மாற்றாக 'அவனை', 'அவர்' என்னும் சுட்டுகளே உள்ளன. அவை முற்பாடலின் குறிப்பை நோக்கியவை. ஆதலின் அங்கு மேலுள்ள பெயரைக் கீழே நிரப்புதல் முறையே. ஆனால் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வரிசைகளிலும் அதே கட்டளையை இயக்கினால், 266ஆம் பாடலைப் பாடிய பெருங்குன்றூர் கிழார் மறைந்த இரு பாடல்களுக்கும் ஆசிரியராகிவிடுவார். பாடல் இருந்தும் புலவர் பெயர் தெரியாத இடங்களிலும் இத்தகைய பிழையே நேரும். அடியளவு நிரலில் சுழியம் இடுவதும் தீர்வாகாது. சராசரி காணும்போது எக்செல் வெற்றுக் கட்டத்தை விலக்கும்; சுழியத்தையோ கணக்கிற் சேர்த்துச் சராசரியைக் குறைத்துவிடும்.

சிதைந்த அடிகளைப் புள்ளியிட்டுக் காட்டிய பதிப்பு மரபு நமக்குண்டு. விரிதாளுக்கும் அந்நேர்மை வேண்டும். மூல நிரலைத் திருத்தாது விட்டு, நிரப்பிய மதிப்பைத் தனி நிரலில் தருக. 'முற்குறிப்பின்படி', 'பாடல் கிடைக்கவில்லை', 'பெயர் தெரியவில்லை', 'இன்னும் பார்க்கப்படவில்லை' எனக் காரணத்தையும் அருகே குறிக்க. அட்டவணைவழி முடிவுகூறும் கட்டுரைகளிடம் இக்காரண நிரலை ஆய்விதழ்கள் கேட்டுப் பெறுதல் வேண்டும். அஃதின்றேல், கணினி இட்ட பெயரையும் ஏடு தந்த பெயரையும் பின்வரும் ஆய்வாளர் பிரித்தறிய இயலாது.