தேய்மானமா, ஏமாற்றா?

32 பிட்டை விட்டு 64 பிட்டுக்குப் போனதில் நியாயம் இருந்தது. 32 பிட் முகவரி 4 ஜிபி நினைவகத்தோடு நின்றுவிடும். ஆனால் விண்டோஸ் 11-க்கு 64 பிட்டும் போதாதாம்! இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை சிப் வேண்டுமாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

தமிழக அரசு 2011-இல் கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்கள் இந்தப் பட்டியலில் வராது. அண்ணன் எக்செல் பழகிய அதே லேப்டாப்பில் தங்கை படிக்கும் வீடுகள் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உண்டு.

பி.காம். முதல் வருடப் பாடம்தான்: தேய்வது வேறு, வழக்கொழிவது வேறு. இங்கே மெஷின் தேயவில்லை. எங்கோ அமெரிக்காவில் ஒரு பட்டியல் மாறியது, நஷ்டக் கணக்கு மட்டும் நம்ம வீட்டில்!

காயலான் கடைக்குத் தூக்கும் முன் ஒரு லினக்ஸ் ஏற்றிப் பாருங்க மக்களே. லிப்ரே ஆபீஸ் ஓடுகிற மெஷினுக்கு எதற்கு இரங்கல் கூட்டம்?