துரையின் பெயரில் ஒரு குருவி

"தோட்டத்துச் சனங்களுக்குப் பறவையும் தெரியாது, காடும் தெரியாது, விறகு வெட்ட மட்டும்தான் தெரியும்." கொழும்புக் கூட்டமொன்றில் இயற்கை ஆர்வலர் ஒருவர் இவ்வாறு பேசக் கேட்டேன். மேடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். முப்பது ஆண்டுகாலப் பத்திரிகைத் தொழிலில் இத்தகைய தலையாட்டல்கள் எனக்குப் பழகிப்போனவை. எனினும் இதற்குப் பதில் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.

கந்தப்பளையை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையில், கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் கிடக்கும் ஊர் இது. ஒரு புறம் சீதாஎலியா வரை படர்ந்த முகில்காடு. மறுபுறம் இராகலை, வலப்பனை என்று இறங்க இறங்க மழை குறைந்து, மரங்கள் மெலிந்து, பத்தனைப் புல்லும் முட்புதரும் தலைகாட்டும். மேலே கொண்டைக்குருவிக்கு உறவான, காதோரம் மஞ்சள் கற்றை கொண்ட குருவி, கீழே மயில். ஈரமும் வறட்சியும் இத்தனை நெருக்கமாகக் கைகோத்திருப்பதால்தான் தொலைநோக்கியோடு வெள்ளைக்காரர்கள் இங்கே வருகிறார்கள். இலங்கைக்கே உரிய முப்பதுக்கு மேற்பட்ட பறவை இனங்களுள் சில இந்த உயர்மலைகளை விட்டு வேறெங்கும் வாழ்வதில்லை.

அவற்றுள் அனைவரும் தேடி அலைவது ஒரு கருநீலக் குருவியை. தமிழகத்து மலைகளில் சீகாரப் பூங்குருவி என்று நூல்கள் குறிப்பிடும் பறவைக்கு இது உறவு. விடியுமுன்னும் அந்தி மங்கிய பின்னும் காட்டோடை ஓரத்தில் ஒரு கணம் தோன்றி மறையும். இதைப் பார்ப்பதற்கென்றே ஹோட்டன் சமவெளியின் அரெங்கா குளத்தருகே குளிரில் விறைத்து நிற்பார்கள். 1872இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமான இதன் விலங்கியல் பெயரில் அமர்ந்திருப்பவர் யார் தெரியுமா? சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டத் துரை!

கோப்பிக்காக இந்த மலைகளின் காடு எப்படி மொட்டையடிக்கப்பட்டது என்பது வரலாறு. 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. அதன் இடத்தில் தேயிலை ஏறியது. ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாதீர்கள் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் எச்சரிக்க வேண்டியிருந்தது. கோடரி பிடித்த கை எங்கள் பாட்டன்மாருடையதுதான், மறுக்கவில்லை. உத்தரவும் இலாபமும் யாருடையவை? காட்டை வெட்டச் சொன்ன வர்க்கத்துக்குக் குருவியில் பெயர்; வெட்டியவனின் பேரனுக்கு விறகுக் கள்ளன் என்ற பெயர். தேயிலையை உலர்த்தும் தொழிற்சாலை அடுப்புகளும் விறகில்தான் எரிகின்றன என்பது அந்த மேடைக்காரருக்கு ஏனோ நினைவில் வரவில்லை.

பறவை தெரியாது என்பது அதைவிடப் பெரிய பொய். கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரிடம் இந்தக் குருவியைப் பற்றி விசாரித்தேன். "விடியறதுக்கு முன்னாடி ஓடைப் பக்கம் ஊசி குத்துற மாதிரி கத்துமே, அதுங்களா ஐயா? சத்தம் தெரியும், ஆளைப் பாத்ததில்ல" என்றார். நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதையேதான். பெரட்டுக்கு இருட்டில் எழுந்து நடப்பவர்களுக்கு இந்த ஓசை தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆயினும் இப்பகுதியில் நான் கண்ட பறவைச் சுற்றுலா அணிகளில், தோட்டத்துப் பிள்ளை ஒருவன் வழிகாட்டியாக முன்னே நடக்க நான் கண்டதில்லை. பெட்டி தூக்கக் கண்டிருக்கிறேன். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாவதற்கே எத்தனை போராட்டம் நடத்த வேண்டியிருந்தது!

நுவரெலியா விக்டோரியா பூங்காவின் அழுக்கோடை ஓரமாகக் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வந்து அமர்கிறது. குளிர்காலம் முடிய இமயத்துக்குத் திரும்பிவிடும். அதை விருந்தாளி என்று கொண்டாடுகிறோம், மகிழ்ச்சியே. இங்கேயே தங்கி, இங்கேயே மண்ணுக்குள் போனவர்களின் பிள்ளைகளுக்குத்தான் 1948இல் குடியுரிமை இல்லாமற் போயிற்று.

பிறரை மட்டும் ஏசிப் பயனில்லை. நம்மவர் செய்தது என்ன? நம் கவிஞர்களுக்குக் குயிலும் மயிலும் கிளியும் போதும். போதாக்குறைக்கு, யாரும் காணாத அன்னம் வேறு. தமிழகத்தில் மா. கிருஷ்ணன் தமிழிலேயே பறவைகளைப் பற்றி எழுதினார், க. ரத்னம் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' என்று நூலே தந்தார். மலையகத்துப் பறவைகளுக்கு ஏட்டுப் பெயர்கள் எங்கேனும் இருக்கலாம்; வாயில் வழங்கும் பெயர்களை லயம் லயமாகப் போய்த் திரட்டிய ஒருவரை நான் சந்தித்ததில்லை. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கத்துவதால் ஒரு பறவைக்கு ஆறுமணிக்குருவி என்று பெயரிட்ட சமூகம் இது. செவியால் பெயர் வைக்கத் தெரிந்தவர்கள் நாம். அந்தப் பெயர்கள் முதியவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிக்கும் அன்பர்களே, ஊர்க் கோயில் கோபுரத்துக்குக் குறைவின்றி அனுப்புகிறீர்கள். அதில் ஒரு சிறு பங்கில் கந்தப்பளைப் பள்ளிக்கூடமொன்றுக்குப் பத்துத் தொலைநோக்கிகள் வாங்கலாம், வண்ணப்படங்களோடு தமிழில் ஒரு சிறு கையேடும் அச்சிடலாம். பெயர்களை நான் சொன்ன அம்மாவைப் போன்றவர்களிடம் கேட்டு எழுதட்டும். வழிகாட்டி உரிமத்துக்கான பயிற்சியில் தோட்டத்து இளைஞர்களுக்கு இடம் ஒதுக்குமாறு கேட்க வேண்டியது நாம் வாக்களித்து அனுப்பிய மலையகப் பிரதிநிதிகளின் வேலை. தேர்தல் மேடையில் இதை ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.