மலைக்குகைகளும் நம் மாணவரும்

நூலிற் படித்ததை நேரிற் கண்டு தெளிவதற்காகச் செய்யும் பயணத்தைக் கல்விச் சுற்றுலா என்கிறோம். பெயர் நல்ல பெயரே. ஆயின் நம் பாடசாலைகள் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் பயணங்களை நோக்குமிடத்து, அவற்றிற் கல்வி எத்துணை, சுற்றுலா எத்துணை என்று நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விடியுமுன் புறப்பட்டு, ஐந்தாறு ஊர்களை ஒரே நாளில் ஓடிப் பார்த்து, நள்ளிரவிற் களைத்து மீளும் பிள்ளைகளை மறுநாள் அழைத்து, “என்ன கண்டீர்கள்?” என வினவினால், உணவுண்ட இடமும் வண்டியிற் பாடிய பாட்டுமே நினைவில் நிற்கின்றன. இக்குறை தீர ஒரு வழியுண்டு. அவ்வழி சப்பிரகமுவ மாகாணத்துத் தமிழ்ப் பிள்ளைகட்கு மற்றெவரினும் மிகுதியாகப் பயன்படும். இதனை நம் கல்லூரியின் விழா மலர் வாயிலாகப் பழைய மாணவர் அனைவர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கல்லூரியை விட்டு நீங்கி, ஆசிரியப் பயிற்சி பெற்று, கஹவத்தையை அடுத்த தோட்டப் பாடசாலை ஒன்றிலே தமிழ் கற்பித்து வருகின்றோம். கஹவத்தை, பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டி செல்லும் பெருவழியில் அமைந்த சிறு நகரம். சுற்றிலும் தேயிலையும் இறப்பரும். தாழ்ந்த நிலங்களில் மாணிக்கக் குழிகள். நம்மிடம் பயிலும் பிள்ளைகளின் தாய்மார் கொழுந்து பறிப்பர், அல்லது இறப்பர்ப் பால் வெட்டுவர். தந்தையருட் சிலர் மாணிக்கக் குழியில் இறங்குவர். இப்பிள்ளைகளுக்கு வரலாறு என்றால் அநுராதபுரம், பொலன்னறுவை, யாழ்ப்பாணம். தாம் பிறந்த மலைக்கு வரலாறு ஒன்று உண்டென்று அவர்கள் எண்ணியதேயில்லை. தோட்டத்தின் கதை வெள்ளைக்காரத் துரையோடு தொடங்கிற்று என்பதே அவர்தம் நினைவு.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில், மழை குறைந்திருந்த ஒரு நாளைத் தேர்ந்து, வாடகை வான் ஒன்றையும், வெளிநாட்டுப் பயணிகளை அழைத்துச் செல்வதைத் தொழிலாகக் கொண்ட வழிகாட்டி ஒருவரையும் அமர்த்தி, உயர்வகுப்பு மாணவர் பன்னிருவருடன் பத்தொம்பலெனை என்னும் குகைக்குச் சென்றோம். இரத்தினபுரியைக் கடந்து குருவிட்டைக்குச் சென்று, அங்கிருந்து மலைப்பக்கமாகத் திரும்பி, வாகனம் செல்லும் எல்லைக்கு அப்பாற் காட்டு வழியே நடந்து அதனை அடைதல் வேண்டும். அட்டைக்கடிக்கு நம் பிள்ளைகள் அஞ்சவில்லை. கொழுந்து மலையில் அது அன்றாட நிகழ்ச்சி. வழிகாட்டியே நம்மினும் மிகுதியாகத் துள்ளினார் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

இக்குகையின் பெருமை யாது? இலங்கையின் ஆதி மனிதர் வாழ்ந்த இடங்களுள் இது தலையாய ஒன்று. நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. இ. பி. தெரணியகல இதனை முதலில் அகழ்ந்தார். பின்னர் அவர் மைந்தர் சிரான் தெரணியகல முறையான ஆய்வு செய்தார். மனித எலும்புகளும், பளிங்குக் கல்லைச் சிறு சிறு பிறையும் முக்கோணமுமாக உடைத்துச் செய்த நுண்ணிய கருவிகளும் இங்கே கிடைத்தன. அவற்றுள் மிகப் பழையன ஏறத்தாழ 36,000 ஆண்டுகட்கு முற்பட்டவை என்பது பின்வந்த ஆய்வாளர் கணிப்பு. ஐரோப்பாவில் இவ்வகைக் கருவிகள் பெருவழக்காயினமை இதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னரேயாம். அவ்வாதி மக்கள் குரங்கையும் மரஅணிலையும் வேட்டையாடினர். ஓடையிற் கிடைக்கும் நத்தையை உண்டனர். கெக்குனைக் கொட்டையையும் காட்டு ஈரப்பலாவையும் சேர்த்தனர். கடற்சிப்பியாற் செய்த மணிகளும் இங்கு கிடைத்துள்ளன. மலைநாட்டுக் குகையிற் கடற்சிப்பி வந்தது எவ்வாறு? மலைக்கும் கடற்கரைக்கும் இடையே அக்காலத்தே போக்குவரவு இருந்தது என்பதன்றி வேறு விடையில்லை.

இது தனித்த சான்றும் அன்று. கேகாலை மாவட்டத்துக் கிதுல்கலைப் பெலிலெனையிலே கடலுப்பு கிடைத்தது. களுத்துறை மாவட்டத்துப் புளத்சிங்களவிலுள்ள பாஹியன்கலைக் குகை ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழமையுடையது. அங்கே கிடைத்த எலும்பு முனைகள், வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடியதைக் காட்டுவன என 2020 ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். ஆபிரிக்காவுக்கு வெளியே கிடைத்த இத்தகைய சான்றுகளுள் அதுவே மிகப் பழையது என்றும் கூறினர். தந்தையாராகிய தெரணியகல இம்மக்களுக்கு நம் அண்டை ஊராகிய பலாங்கொடையின் பெயரைச் சூட்டினார். அதனாலேயே ‘பலாங்கொடை மனிதன்’ என உலகநூல்கள் எழுதுகின்றன. உலகம் அறிந்த இதனைக் கஹவத்தைப் பிள்ளை அறியாதிருத்தல் தகுமோ?

இனி, அன்று நிகழ்ந்ததைக் கூறுவோம். வழிகாட்டி நல்ல இளைஞர். பிள்ளைகளை அன்பாக நடத்தினார். ஆயின் அவர் அறிந்த மொழிகள் சிங்களமும் ஆங்கிலமுமே. அவர் ஒன்று சொல்ல, நாம் அதனைத் தமிழாக்க, பாதிப் பொருள் காட்டுக் காற்றிற் போயிற்று. மேலும், பயணிகட்குச் சுவையூட்டிப் பழகிய நாவாதலால், இராவணனின் சுரங்கம் என்றும், மறைத்து வைத்த பொன் என்றும் கதைகள் பல கலந்தார். கதை வேண்டாம் என்பார் நாம் அல்லேம். இராவணன் கதையைக் கதையாகவே வகுப்பிற் சொல்லி மகிழ்பவர் நாம். கதையையும் அகழ்ந்தெடுத்த சான்றையும் ஒரே குரலில் ஒரே மூச்சிற் சொல்லுதலே தீங்கு. எது கண்டது, எது கேட்டது என்று பிரித்தறியும் பயிற்சிக்காகவன்றோ பிள்ளையைக் குகைக்கு அழைத்துச் செல்கிறோம்?

குகை வாயிலில் அனைவரும் அமர்ந்திருந்த வேளையில், மாணவி ஒருத்தி மெல்ல எழுந்து, “சார், இங்க இருந்தவங்க நம்ம ஆளுங்களா, அவங்க ஆளுங்களா?” என்று கேட்டாள்.

வழிகாட்டிக்கு இதனை மொழிபெயர்த்தோம். அவர் நகைத்து, “எல்லாரும் இலங்கையர்தாம்” என்றார். அன்பான மொழி; ஆயின் விடையன்று. நாமோ அதுவும் கூறாது வாளாவிருந்தோம். இருபதாண்டு ஆசிரியப் பணியில், விடை தெரிந்தும் வாய் திறவாதிருந்த நாள் அதுவொன்றேயெனலாம்.

அவ்வினா ஒரு சிறுமியின் வினா மாத்திரமன்று. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாற் பிரிக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நாடற்றோர் என்னும் பெயர் நீங்கப் பெற்ற ஒரு மக்கட் கூட்டத்தின் வினா அது. 1977, 1983 ஆம் ஆண்டு வன்செயல்களின்போது மலையகத் தோட்டங்களை விட்டு வடக்கே வன்னிக்குப் பெயர்ந்த குடும்பங்களின் வினாவும் அதுவே. 2023 ஆம் ஆண்டிலே மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்தமை நினைவுகூரப்பட்டது. இருந்தும், “நீங்கள் வந்தவர்கள்” என்னும் சொல் அப்பிள்ளையின் காதிற் பலமுறை விழுந்திருக்கும். எனவே எந்தப் பழமையைக் கண்டாலும், ‘இது நமக்கு உரியதா, நாம் இங்கே நிற்கலாமா?’ என்றே அவள் உள்ளம் முதலில் வினவுகிறது.

அடுத்த கிழமை வகுப்பில் விடை கூறினோம். அதனை இங்கும் கூறுவோம். குகையில் வாழ்ந்த அம்மக்கள் நம்மவரும் அல்லர், அவரவரும் அல்லர். தமிழ் என்றும் சிங்களம் என்றும் மொழிகள் பிரிந்து வழங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னர் அவர்கள் அங்கே தீ மூட்டினர். அவர்தம் பேச்சின் ஓரொலியும் நமக்கு எட்டவில்லை. வேடருக்கும் அவர்க்கும் எலும்பமைப்பில் உறவு காண்பர் ஆய்வாளர் சிலர். அவர்க்குப் பின் இம்மலையில் அடிவைத்த நாம் அனைவரும், முந்தியும் பிந்தியும் வந்தவர்களே. ஒருவர் ஈராயிரம் ஆண்டு முந்தியிருக்கலாம்; ஒருவர் இருநூறாண்டு முந்தியிருக்கலாம். முப்பத்தாறாயிரம் ஆண்டுச் சாம்பலின்முன் அவ்வேற்றுமை எம்மட்டு? இவ்வாறு கூறியபோது அம்மாணவியின் முகத்திலே தோன்றிய தெளிவை எந்தப் பரீட்சைப் பெறுபேறும் நமக்குத் தந்ததில்லை.

குகைகள் கூறும் செய்தி ஆதிமனிதனோடு முடிவதுமில்லை. மழைநீர் உள்ளே வழியாதபடி முகப்பில் வரைவெட்டு வெட்டி, அதன்கீழ்ப் பிராமி எழுத்திலே கொடையாளர் பெயரைப் பொறித்த குகைகள் இலங்கையெங்கும் உள்ளன. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துக் குகைக் கல்வெட்டு, விசாகன் என்னும் தமிழ் வணிகனைக் கூறுகிறது. அநுராதபுரத்திலே தமிழ் இல்லறத்தார் கட்டிய மேடை பற்றிய கல்வெட்டைப் பரணவிதான 1940 ஆம் ஆண்டிலே எடுத்துரைத்தார். கடலுக்கு அப்பால், மதுரையை அடுத்த மாங்குளத்துக் கற்படுக்கைகளிலே நெடுஞ்செழியன் பெயர் பழந்தமிழிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரு கரையிலும் துறவியர்க்குக் குகையைத் திருத்திக் கொடுத்த வழக்கம் ஒன்றே. எழுத்தும் ஒரு குடும்பத்தது. இவற்றை நிலத்துக்கு உறுதிப்பத்திரமாகக் கொண்டு வழக்காடப் புகுவோர் எல்லாப் பக்கத்திலும் உளர். கொடுத்தவன் தன் பெயரைக் கல்லில் எழுதியது கொடையை அறிவிக்கவேயன்றி, பின்வருவோரைத் துரத்தவன்று என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

பயணத்தை எவ்வாறு நடத்துவது என்பது பற்றிச் சில கூறுவோம். ஒரு நாளைக்கு ஒரு குகையும் ஒரு நூதனசாலையும் போதும். நாம் மீளும் வழியில் இரத்தினபுரித் தேசிய நூதனசாலைக்குச் சென்றோம். மாணிக்கச் சரளையாகிய ‘இல்லத்’திலிருந்து கிடைத்த பழைய விலங்குகளைப் பற்றி அங்கே பேசினோம். குருவிட்டையிற் கிடைத்த பற்களைக் கொண்டு, இலங்கையில் அற்றுப்போன சிங்க இனமொன்றை 1939 ஆம் ஆண்டிலே தெரணியகல விவரித்த செய்தியைக் கூறினோம். அப்போது மாணிக்கக் குழித் தொழிலாளி ஒருவரின் மகன், இல்லம் எவ்வாறு தோண்டப்படுகிறது, எவ்வாறு கூடையிலிட்டுக் கழுவப்படுகிறது என்று நமக்கே பாடம் எடுத்தான். வகுப்பிலே பின்வரிசையில் வாய்மூடி இருப்பவன் அவன். தந்தையின் தொழில் அறிவுக்குரிய தொழில் என அன்று அறிந்தான்.

குகையுள் எதனையும் தொடாமை, எடாமை, தோண்டாமை வேண்டும். ஒரு கற்சில்லு தன் படையிலிருந்து பெயர்க்கப்பட்டால் அதன் வயதும் பொருளும் அப்போதே அழிந்தொழியும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் அனுமதியின்றித் தோண்டுதலைக் குற்றமாக்கியிருக்கிறது. எனினும் புதையல் தேடுவோர் கடப்பாரை ஓயவில்லை. சட்டத்தினும் வலிய காவல், அயலூர்ப் பிள்ளை அதன் அருமையை அறிந்திருத்தலே.

இதற்குத் தடை கூறுவோர் உளர். பரீட்சைக்கு இது உதவுமோ என்பர். கண்டதை ஒழுங்காக எழுதக் கற்ற பிள்ளைக்குக் கட்டுரைத் தாள் அச்சந் தராது. அப்பன்னிருவரும் எழுதிய கட்டுரைகள் அதற்குச் சான்று. செலவு மிகும் என்பர். அது மெய். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி ஆயிரம் ரூபாவென நிர்ணயிக்கப்பட்டதே 2021 ஆம் ஆண்டிலேதான். அதன்பின் உயர்ந்ததாயினும், வானுக்கும் வழிகாட்டிக்குமாகும் ஒரு நாட் செலவு அவர்க்கு எட்டாக் கனியே. வெளிநாட்டார் காசு கொடுத்துக் காணும் குகையை, அம்மலையில் உழைப்போரின் பிள்ளை காணாது வளர்வது இதனாலேயேயாம்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள்களை விடுக்கின்றோம். விழாவுக்கு மண்டபமும் வளைவும் அமைப்பது நன்றே; அவற்றோடு, ஆண்டுக்கு ஒரு தோட்டப் பாடசாலையையாவது இவ்வாறு அழைத்துச் செல்லுஞ் செலவை ஏற்றருளுக. இஃது ஒன்று. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழங்கும் வழிகாட்டி உரிமங்களுள், தேசிய வழிகாட்டிக்கு மாத்திரமன்றி, ஒரு பிரதேசத்துக்கோ ஓரிடத்துக்கோ உரிய வழிகாட்டிக்கும் வகையுண்டு. கஹவத்தை, பலாங்கொடை, இரத்தினபுரித் தோட்டங்களிலே சிங்களமும் தமிழும் ஒருங்கே பேசும் இளைஞர் பலர், வேலை தேடிக் கொழும்புக் கடைகட்குச் செல்கின்றனர். அவருட் சிலர்க்கேனும் ஆங்கிலமும் தொல்லியலும் பயிற்றி அவ்வுரிமம் பெறத் துணைநிற்றல் வேண்டும். இது மற்றொன்று. அவ்விளைஞரால் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழிலும், சிங்களப் பிள்ளைக்குச் சிங்களத்திலும், கதையைக் கதையென்றும் சான்றைச் சான்றென்றும் உரைத்தல் கூடும்.

அம்மாணவி கேட்ட வினாவை இன்னும் பல பிள்ளைகள் குகை வாயிலில் நின்று கேட்பர். அவர்க்கு அருகே நிற்கும் பெரியோர், அன்று நாம் இருந்தவாறு வாளாவிராமல், தமிழிலே தெளிவாக விடைகூற வேண்டும். அவ்வழியை நம் கல்லூரியின் மைந்தர் திறந்து வைப்பாராயின், இவ்விழா ஒரு மலரோடு வாடாது பல்லாண்டு பயன்தரும். வாழ்க நம் கல்லூரி.