இளைச்சதுக்கும் பதில் சொல்லணுமா?

‘சுகரா?’

இப்பல்லாம் யாரைப் பார்த்தாலும் எனக்கு முதல்ல கிடைக்கிற விசாரிப்பு இதுதான். கோயில் பிராகாரம், ரேஷன் கடை, பேங்க் கவுன்ட்டர், எங்கயா இருந்தாலும் சரி. குரலைக் கொஞ்சம் இறக்கி, கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘என்னம்மா இப்படி ஆயிட்டே, சுகரா?’ இல்லைன்னா அடுத்தது தைராய்டு. அதுவும் இல்லைன்னா வாய் நின்னுடும், பார்வை மட்டும் நிக்காது. கேன்சரான்னு கேட்க நாக்கு வரலை, கேட்காமப் போகவும் மனசு வரலை.

சுகர் இருந்துச்சுங்க. 118 கிலோ இருந்தப்ப, தினம் இன்சுலின் போட்டுக்கிட்டிருந்தப்ப இருந்துச்சு. அப்ப ஒருத்தரும் அதைப் பத்திக் கேட்கலை. ‘அப்படி என்னதான் சாப்பிடுறே?’ன்னு மட்டும்தான் கேட்டாங்க. இப்ப இன்சுலின் நின்னுபோய், ராத்திரி மூச்சுத் திணறாம தூங்கி எழுந்து, மூணு மாடி நிக்காம ஏறிப் போறேன். இப்பத்தான் என்னைப் பார்த்து எல்லாருக்கும் பாவமா இருக்கு.

ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். மறைக்க அதுல ஒண்ணுமில்லை. ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமின்னு பேரு. இரைப்பையில முக்கால் பங்குக்கும் மேல வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயா ஸ்டேப்ளர் அடிச்சு விட்டுடுவாங்க. பசியைக் கிளப்புற கிரெலின்ங்கிற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையோட மேல்பகுதியிலதான் சுரக்குது. வெட்டி எடுக்கிறப்ப அந்தப் பகுதியும் சேர்ந்து போயிடுது. அதனால கொஞ்ச சாப்பாட்டுலயே வயிறு நிறையுது, பசியும் அடங்கிக் கிடக்குது. அவ்வளவுதான் விஷயம்.

இதைச் சொன்னா என்ன பதில் வரும்னு நினைக்கிறீங்க? ‘வாயைக் கட்டியிருந்தா போதாதா, வயித்தை வெட்டணுமா?’ன்னு பெரியம்மா. ‘கஷ்டப்படாம இளைச்சுட்டே’ன்னு ஒண்ணுவிட்ட நாத்தனார். 2025-ல மவுன்ஜாரோங்கிற எடை குறைப்பு ஊசி இந்தியாவுக்கு வந்ததுலேருந்து இன்னொண்ணும் சேர்ந்துக்கிச்சு. ‘வாரம் ஒரு ஊசில முடிஞ்சிருக்கும், அவசரப்பட்டுட்டியே.’ வாயைக் கட்டலைன்னு இவங்களுக்கு யார் சொன்னா? காலேஜ் நாள்லேருந்து கட்டின வாய் இது. கொள்ளுக் கஞ்சி, வாழைத்தண்டு ஜூஸ், பேலியோ, ராத்திரி பட்டினி, விடியக்காலை வாக்கிங். ஒவ்வொரு தடவையும் இறங்கும், அப்புறம் இறங்கினதுக்கு மேலயே ஏறும். உடம்பு பழைய எடைக்கே திரும்பத்தான் பாடுபடும், பசியைக் கூட்டும், எரிக்கிற கலோரியைக் குறைக்கும். இது மருத்துவத்துல தெரிஞ்ச சங்கதி. ஆனா நம்ம ஊர்ல குண்டா இருக்கிறது ஒரு குற்றம். குற்றம் பண்ணினவ தண்டனை அனுபவிக்காமத் தப்பிச்சுட்டாங்கிற எரிச்சல்தான் அந்த ‘கஷ்டப்படாம’ங்கிற பேச்சுல எனக்குக் கேட்குது.

கஷ்டப்படாமலா? மூணாவது மாசம் சீப்பு நிறைய முடி வந்துச்சே, அது? பி12, அயர்ன், கால்சியம், வைட்டமின் டின்னு ஆயுசு முழுக்க விழுங்கணுமே, அது? சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி விடணும். தினம் 60 கிராம் புரோட்டீனாவது உள்ளே போகணும். ஆஸ்பத்திரியில கொடுத்த டயட் சார்ட்டைப் பிரிச்சா கீன்வாவும் புரோக்கலியும் கிரீக் யோகர்ட்டும். நம்ம வீட்டுச் சுண்டலும் பொட்டுக்கடலையும் முட்டையும் அந்தப் பேப்பர்ல இல்லவே இல்லை. யாருக்காக அடிச்ச சார்ட் அது? நானே ஒவ்வொண்ணா எடை போட்டு, கணக்குப் பார்த்து ஒரு பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்கேன்.

இப்ப 71 கிலோ. என் உயரத்துக்கு பிஎம்ஐ 28. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடைன்னுதான் டாக்டர்கள் கணக்கு. அந்தக் கணக்குப்படி நான் இன்னும் பருமன்தான். ஆனா தெருவுல என் பேரு ‘எலும்பும் தோலும்’. நம்ம சினிமாவையே பாருங்களேன். ஒருத்தர் குண்டு கல்யாணம், ஒருத்தர் ஓமக்குச்சி நரசிம்மன். உடம்பைப் பேருக்கு முன்னாடி ஒட்டி வெச்சுத்தான் மனுஷனையே நமக்கு அறிமுகப்படுத்தினாங்க. நானும் ஒரு ஒட்டுலேருந்து இன்னொரு ஒட்டுக்கு மாறியிருக்கேன். நடுவுல வெறும் பேரோட ஒரு நாளாவது இருந்திருக்கேனா? ஞாபகம் இல்லை.

பந்தியில உட்காரவே பயமா இருக்கு. இலையில முதல்லயே ஸ்வீட் வந்துடும். பாயசத்தை அவசரமா நாலு வாய் குடிச்சா படபடப்பு, வேர்வை, நெஞ்சடைப்பு. ரெண்டு கரண்டி சாதம், கொஞ்சம் பருப்பு, பொரியல், அவ்வளவுதான் என்னால முடியும். போதும்னு கையைக் குறுக்கே வெச்சாலும் பரிமாறுறவர் விரல் இடுக்குல சாதத்தைத் தள்ளிட்டுப் போறாரு. ஒரு கல்யாணத்துல எதிர் வரிசையிலேருந்து மாமா சத்தம் போடுறார், ‘என்னடி கோழி கொறிக்கிற மாதிரி, சோத்தை வீணாக்காதே!’ இதே மாமா என் தங்கச்சி கல்யாணத்துல, இதே மாதிரி ஒரு பந்தியில, ‘அவளுக்கு இன்னொரு இலையைச் சேர்த்துப் போடுப்பா’ன்னு சொல்லி வரிசையையே சிரிக்க வெச்சவர். ரெண்டு நாளும் நான் பாதிச் சாப்பாட்டுலதான் எழுந்தேன். மாமா ரெண்டு நாளும் நல்லாச் சாப்பிட்டார்.

உடம்பு இளைச்சாலும் பழக்கம் இளைக்க மாட்டேங்குது. கல்யாண மண்டபத்துல பிளாஸ்டிக் சேரைப் பார்த்தா கை தானாப் போய் அமுக்கிப் பார்க்குது. ஓட்டல்ல ரெண்டு மேஜைக்கு நடுவுல போறதுக்கு இன்னும் பக்கவாட்டுல திரும்புறேன், ரெண்டு பேர் போற இடம் இருக்கும். ஏசி ஓடினா குளிர் தாங்கலை. மரப் பெஞ்சுல பத்து நிமிஷம் உட்கார்ந்தா வால் எலும்பு வலிக்குது. மெட்டி கழண்டு விழுந்து ஒண்ணு எங்கயோ தொலைஞ்சே போச்சு. புடவை கட்டினா கொசுவம் முடியவே மாட்டேங்குது. முன்னாடி மூணு மடிப்பு வந்தாலே பெரிய விஷயம். இப்ப மடிச்சு மடிச்சு இடுப்புல சொருகினா ஒரு பொட்டலமா நிக்குது. ரவிக்கையைப் பிடிக்கக் கொண்டுபோனா டெய்லர் அண்ணன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துட்டு, ‘இதுக்கு மேல பிடிச்சா அக்குள்ல தூக்கும்க்கா, புதுசாவே தச்சுக்குங்க’ங்கிறார். பட்டுப் புடவைக்கு அதே நிறத்துல ரவிக்கைத் துணிக்கு எங்க போறது?

இதெல்லாம் போகட்டும். தோலைப் பத்தி எனக்கு யாருமே சரியாச் சொல்லலை. அதுதான் நெஞ்சுல நிக்குது.

கொழுப்பு கரைஞ்சுடும், இத்தனை வருஷமா இழுபட்ட தோல் திரும்பச் சுருங்காது. வயித்துத் தோல் ஒரு மடிப்பா தொடை வரைக்கும் தொங்குது. குளிச்சு முடிச்சதும் அந்த மடிப்பைத் தூக்கித் துடைச்சு, ஃபேனுக்கு அடியில நின்னு காய வெச்சு, பூஞ்சைக்கான பவுடர் போட்டு, நடுவுல மெல்லிசா ஒரு காட்டன் துணியை மடிச்சு வெச்சுட்டுத்தான் புடவை கட்டணும். சித்திரை வெயில்ல மதியத்துக்குள்ள துணி நனைஞ்சுடும். ஆபீஸ் பாத்ரூம்ல போய் வேற துணி வைக்கணும். ஒரு நாள் விட்டாலும் சிவந்து, அரிச்சு, புண்ணாயிடும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரி வரவேற்பறையில சுவர் பூரா ‘அப்போ, இப்போ’ போட்டோக்கள். எல்லாருமே முழுக்கைச் சட்டை, சுரிதார், சிரிப்பு. துணிக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு போட்டோ கூட சொல்லலை. கவுன்சலிங்னு உட்கார வெச்சவங்க எத்தனை கிலோ குறையும்னு கிராஃப் போட்டுக் காட்டினாங்க. தோலைப் பத்தி நானே கேட்டதுக்கு, ‘எக்சர்சைஸ் பண்ணினா டைட் ஆயிடும் மேடம்’னாங்க. எடை குறைஞ்சு ஒரே நிலையில நின்னப்புறம் போய்க் கேட்டா, ‘அது பிளாஸ்டிக் சர்ஜரி டிபார்ட்மென்ட், தனி பேக்கேஜ்.’ வெட்டின கைக்கும் வெட்டினதுக்கு அப்புறம் வாழப்போறவளுக்கும் நடுவுல எந்தச் சம்பந்தமும் இல்லையா?

சரி, இன்ஷூரன்ஸ்ல கேட்போம்னு போனேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ 2019-ல வகுத்த பொது வரைமுறையைத்தான் பெரும்பாலான பாலிசியில அச்சடிச்சிருக்காங்க. பிஎம்ஐ 40 இருக்கணும், இல்லைன்னா 35-ஓட இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள்ள வராத சுகர்னு ஏதாவது இருக்கணும். அப்பத்தான் எடை குறைப்பு ஆபரேஷனுக்கே காசு. இந்த 40-ம் 35-ம் அமெரிக்காவுல 1991-ல எழுதின அளவு. 2022-லயே சர்வதேச சர்ஜன் சங்கங்கள் சேர்ந்து இதைக் குறைச்சு, ஆசியக்காரங்களுக்கு 27.5-லேருந்தே யோசிக்கலாம்னு சொல்லியாச்சு. நம்ம பாலிசி அசையலை. எனக்கு 47 இருந்ததால அந்தக் கதவு திறந்துச்சு. எத்தனை பேர் 34-லயும் 38-லயும் நின்னுக்கிட்டு, கட்டுக்குள்ள இருக்கிற சுகரோட, முட்டி வலியோட, காசுக்கு வழியில்லாம இருக்காங்களோ.

தொங்குற தோலை எடுக்க வேற ஷரத்து. விபத்து, தீக்காயம், கேன்சர், இல்லைன்னா உடனடி ஆபத்தைத் தவிர்க்க மருத்துவ அவசியம்னு டாக்டர் சான்று. என் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தார், திரும்பத் திரும்பப் புண் வருதுன்னு. போட்டோவும் வெச்சேன். அந்தப் போட்டோவை எடுக்க நான் எவ்வளவு கூசினேன்னு எனக்குத்தான் தெரியும். ஒரே வரியில பதில் வந்துச்சு, ‘அழகு சார்ந்த சிகிச்சை, ஏற்க இயலாது.’

அழகுக்காகவா? நடக்கும்போது உரசாம இருக்கணும்னு கேட்கிறது அழகா?

பேங்க்ல கேஒய்சி புதுப்பிக்கப் போனப்ப, கவுன்ட்டர்ல இருந்த பையன் ஆதாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பக்கத்து சீட்டைக் கூப்பிட்டான். ‘சார், இது இவங்களான்னு பாருங்க.’ பின்னாடி க்யூவுல நிக்கிறவங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. ஆதார்ல போட்டோவை ஆன்லைன்ல மாத்த முடியாது, மையத்துக்கு நேர்ல போகணும், போயி மாத்திட்டேன். அது ஒண்ணும் பெரிய வேலை இல்லை. அந்தக் கவுன்ட்டர்ல என் பழைய முகத்தைச் சத்தமா அலசினாங்களே, அதுதான் ஆறலை. அந்தப் போட்டோவுல இருக்கிறவ எனக்கு அந்நியம் இல்லை. அவதான் இந்தக் குடும்பத்துக்காக இருபது வருஷம் உழைச்சவ. அவளைப் பத்தி யாரும் என் முன்னாடி கேவலமாப் பேசினா இப்பவும் எனக்குக் கோபம் வருது.

எல்லாத்தையும் விட உறுத்துறது எது தெரியுமா? மரியாதை.

ஷேர் ஆட்டோ இப்ப எனக்காக நிக்குது. முன்னாடி பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனவங்கதான் எல்லாரும். துணிக்கடையில வாசல்லயே, ‘உங்க சைஸ் இல்லைங்க’ன்னு சொன்ன பொண்ணுங்க இப்ப ‘வாங்கக்கா’ன்னு எடுத்துப் போடுறாங்க. ஆபீஸ்ல எனக்காக லிஃப்ட் கதவைப் பிடிச்சு நிக்கிறாங்க. வெளியூர் கிளையன்ட் வந்தா நான் பேசணுமாம். அதே வேலை, அதே அனுபவம், அதே மூளைதானே? கணக்குல ஒரு பைசா பிசகினாலும் கண்டுபிடிச்சது அந்த 118 கிலோக்காரிதான். அவளை மீட்டிங்ல மூலையில உட்கார வெச்சுட்டு, இவளை முன்னாடி நிறுத்துறீங்க. ‘இப்பத்தான் கான்ஃபிடென்ஸ் வந்திருக்கு உங்களுக்கு’ன்னு வேற சொல்றாங்க. எனக்கு எப்பவும் இருந்துச்சு. பார்க்க உங்களுக்கு மனசு இல்லை. இன்னிக்குக் கிடைக்கிற ஒவ்வொரு புன்னகையும் அன்னிக்குக் கிடைக்காததை ஞாபகப்படுத்துது. சந்தோஷமா வாங்கிக்கத் தெரியலை எனக்கு.

எங்க செக்‌ஷனுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. கெட்டிக்காரி. நல்ல உடம்பு. மதியம் எல்லாரும் ஒண்ணாச் சாப்பிட உட்கார்ந்தோம். அவ தக்காளி சாதம் கொண்டு வந்திருந்தா, தொட்டுக்க உருளைக்கிழங்கு வறுவல். எங்க சீனியர் ஒருத்தர் அந்த டப்பாவை எட்டிப் பார்த்துட்டு, என்னைக் கையைக் காட்டிச் சொல்றார், ‘அக்காவைப் பாரும்மா, எப்படி இருந்தவங்க எப்படி ஆயிட்டாங்க. நீயும் இப்பவே ஏதாவது பண்ணிக்கோ.’

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இத்தனை நாள் என்னை அடிச்சவங்க இப்ப என்னையே எடுத்து இன்னொருத்தியை அடிக்கிறாங்க. இதுக்கா நான் ஆபரேஷன் மேஜையில படுத்தேன்? என் சுகருக்காகப் படுத்தேன், என் மூச்சுக்காகப் படுத்தேன். இவ சாப்பாட்டை இவ வாய்க்கு வராமப் பண்றதுக்கு இல்லை.

‘சார், அவங்க உடம்பு அவங்களுக்குத் தெரியும். அவங்க டாக்டர் இங்க யாரும் இல்லை. இனிமே என்னை யாருக்கும் உதாரணம் காட்டாதீங்க’ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அவர் தன்னோட டப்பாவைத் தூக்கிட்டு எழுந்து போயிட்டார். அன்னிலேருந்து பேச்சு இல்லை. குட் மார்னிங்கும் இல்லை. நான் ரொம்ப மாறிட்டேன்னு மத்தவங்ககிட்ட சொல்றாராம்.

சொல்லட்டும். அந்தப் பொண்ணுகிட்ட வறுவல் கேட்டேன். ரெண்டு துண்டு கொடுத்தா. மெதுவா, நல்லா மென்னு சாப்பிட்டேன். உப்பு சரியா இருந்துச்சு.