வெத்துத்தாளில் கையெழுத்துப் போடாதே!

விவசாயத் தோழர்களே!

கும்மிடிப்பூண்டி சிப்காட் லாரி நம்ம ஆளை அடிச்சா, மறுநாளே ஒரு புரோக்கர் வெத்துத்தாளோட வந்து நிக்கிறான். "பத்தாயிரம் வாங்கிக்க, கோர்ட்டுக்கு அலையாதே!" பிச்சையா போடறான்? அந்த லாரிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். புகார் கொடுத்தா எப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் நஷ்டஈட்டு மனுவுக்குக் கெடு 6 மாதம்தான். காரியம் முடியட்டும்னு இழுக்காதீங்க. நாம குடியிருக்கிற எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

வண்டி நிக்காம ஓடிட்டதா? 1-4-2022 முதல் நடந்த விபத்துன்னா, சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், கோட்டாட்சியரிடம் மனு. எந்த அதிகாரி இதை ஊருக்குள்ள வந்து சொன்னான்?

பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் இலவசம்: திருவள்ளூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. புரோக்கர் வந்தா உட்கார வைங்க, சங்கத்துக்கு ஆள் அனுப்புங்க!