செல்போனைச் சோதிக்க வாரண்ட் வேண்டாமா?

ஹிஜாப் அணியும் ஒரு பெண்ணின் செல்போனில் அவரும் மகள்களும் வீட்டுக்குள் தலைமறைப்பின்றி எடுத்துக்கொண்ட படங்கள் இருக்கும். அவற்றை அந்நிய ஆண் அதிகாரிகள் பார்ப்பதற்கு மார்க்க அடிப்படையில் ஆட்சேபம் தெரிவித்தும் அமெரிக்க எல்லையில் சோதனை நடந்தது. அந்தப் பெண் உட்பட 11 பயணிகள் 2017இல் அரசின்மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் 10 பேர் அமெரிக்கக் குடிமக்கள், ஒருவர் கிரீன் கார்டு வைத்திருப்பவர்.

நியாயமான சந்தேகம் இல்லாமல் சோதிக்கக்கூடாது என்று 2019 நவம்பரில் பாஸ்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. உச்ச நீதிமன்றமோ வழக்கை விசாரணைக்கு எடுக்கவே மறுத்துவிட்டது.

கைதானவரின் செல்போனைத் திறக்கக்கூடப் பொதுவாக வாரண்ட் தேவை என்று 2014இல் சொன்னதும் இதே உச்ச நீதிமன்றம்தான். கைதிக்கு உள்ள பாதுகாப்பு உம்ராவிலிருந்து திரும்பும் பயணிக்கு இல்லை! எல்லையில் பெட்டி படுக்கையைச் சோதிக்க வாரண்ட் வேண்டாம் என்பது பழைய விதி. அதையே செல்போனுக்கும் நீட்டிவிட்டார்கள். பெட்டியில் நாலு சட்டை இருக்கும். செல்போனில் ஒரு குடும்பமே இருக்கிறது.

இதைத் திருத்தும் பொறுப்பு நாடாளுமன்றத்துடையது. 2008இல் செனட்டர் ரஸ் ஃபைன்கோல்டு கொண்டுவந்த மசோதா, இனம், மதம் பார்த்துப் பயணிகளைப் பிரித்தெடுப்பதையும் தடுக்க முயன்றது. அது நிறைவேறவில்லை. 2017இல் ஜனநாயகக் கட்சியின் ரான் வைடனும் குடியரசுக் கட்சியின் ரேண்ட் பாலும் சேர்ந்து, வாரண்ட் கட்டாயம் என்ற மசோதாவைக் கொண்டுவந்தார்கள். எதிரெதிர்க் கட்சியினர் கைகோத்தும் அதற்கும் அதே கதிதான்.

இன்று இருப்பது எல்லைக் காவல் துறை 2018 ஜனவரியில் தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதி. கருவி பொருத்தித் தகவலை நகலெடுக்க நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ வேண்டும். கையால் புரட்டிப் பார்க்க எதுவும் வேண்டாம்.

2017 நிதியாண்டில் சுமார் 30,000ஆக இருந்த சோதனைகள் 2024இல் 47,000ஐத் தொட்டன. மொத்தப் பயணிகளில் இது மிகச் சிறிய பங்கு என்கிறது அரசு. உண்மைதான். அந்தச் சிறிய பங்கில் முஸ்லிம் பெயர்கள் எத்தனை என்ற கணக்கை மட்டும் அது வெளியிடுவதில்லை.

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வைடன் மசோதா நிறைவேறியிருந்தாலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான் பாதுகாப்பு. எச்-1பி விசாவில் போகும் மகனுக்கோ, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் உம்மாவுக்கோ அது பொருந்தாது. கடவுச்சொல் தர மறுத்தால் குடிமகனின் செல்போனைத்தான் பிடித்து வைக்கலாம். விசாவில் வருபவரை வந்த வழியே திருப்பியும் அனுப்பலாம்.